நானோ ஒரு பி.காம்.!

"டேய், இந்தப் பேரேட்டுல கோடு ஏண்டா வளைஞ்சு கிடக்கு?"

அப்பா இப்படிக் கேட்ட அன்று நான் செல்போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, "பிரஸ்காரன் சரியா அடிச்சிருக்க மாட்டான்ப்பா" என்றேன்.

நான் இதுவரை உதிர்த்த முட்டாள்தனமான பதில்களில் (லிஸ்ட் பெரிசு, என் மனைவியிடம் இருக்கிறது) இதற்குத்தான் முதல் பரிசு.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் கமிஷன் கடையில் 36 வருஷம் கணக்கு எழுதியவர். எங்கள் ஊரில் சில தெருக்களில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலே யாரோ பாயசம் வைத்துவிட்டதுபோல இருக்கும். மலையில் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, மூட்டையாக இறங்கும் காயைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு மரியாதை, அதற்குக் கீழே உள்ளதற்கு வேறு மரியாதை. அப்பாவின் வேலை கணக்குதான். ஆனால் முதலாளி சாம்பிள் தட்டை அவர் பக்கம்தான் நகர்த்துவார். அப்பா ஒரு காயை எடுத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணில் லென்ஸை வைத்துப் பார்ப்பார். "பச்சை இருக்கு, பழுப்பு தட்ட ஆரம்பிச்சிருச்சு. ஸ்டோர்ல சூட்டைக் கூட்டிட்டான்" என்பார். சொன்னால் சொன்னதுதான்.

ரிட்டயரான பிறகும் பேரேடு அவரை விடவில்லை. பால், பேப்பர், கறிவேப்பிலை, பேத்திக்கு பலூன் என்று ஒரு ரூபாய் விடாமல் எழுதுவார். அந்தப் பேரேட்டின் கோடுதான் வளைந்தது.

ஒரு வாரம் கழித்து, "வாசக்கால் கூட வளைஞ்சு தெரியுதுடா" என்றார். இதை பிரஸ்காரன் தலையில் கட்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் என் காலேஜ் நண்பன் ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அவன் டை கட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். போடி வெயிலில் டை கட்டுகிறவன் ஒன்று மாப்பிள்ளையாக இருப்பான். இல்லையென்றால் நம்மிடம் எதையோ விற்க வந்திருப்பான். அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது.

"பங்காளி, அப்பாவுக்குக் கண்ணா? கவலையை விடு. லிப்பிட் நானோ டெக்னாலஜி!" என்று தங்க நிற டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தான். மூலிகைச் சத்தை நானோ சைஸ் கொழுப்புக்குள் அடைத்து நேராகக் கண்ணுக்கே அனுப்புகிறார்களாம். செண்டுமல்லிச் சாறு, மஞ்சள், பீட்டா கரோட்டின், போதாக்குறைக்கு மலை ஏலக்காய். மாதம் ஒரு டப்பா, 2,400 ரூபாய்.

நானோ ஒரு பி.காம்.! எனக்கு நானோவும் தெரியாது, லிப்பிட்டும் தெரியாது. எனக்குத் தெரிந்தது சதவீதம். "மெம்பரா சேர்ந்துட்டா டப்பாவுக்குப் பதினஞ்சு பர்சென்ட் உனக்கு" என்றான். சேர்ந்தேன். என் முதல் கஸ்டமர் அப்பா. காசு கொடுத்ததும் அவர்தான், அவருடைய சேமிப்பிலிருந்து.

அப்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏலக்காய் போட்டிருக்காங்களா? என்ன கிரேடு?" என்று கேட்டார். பிறகு ஒரு மாத்திரையைப் பிரித்து முகர்ந்தார். "வாசமே இல்லையேடா." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் வாங்கி முழுங்கிவிட்டார்.

நாலு மாதம் முழுங்கினார்.

ஒருநாள் காலையில் காபி கொடுக்கப் போனேன். வலது கண்ணால் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு, "உன் மூக்கைக் காணோமேடா" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மூக்கு, வாய் எல்லாம் கறுப்பா ஒரு வட்டமா இருக்கு. காது மட்டும் தெரியுது."

அன்றைக்கே தேனியில் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சொட்டு மருந்து, காத்திருப்பு, ஸ்கேன், மறுபடி காத்திருப்பு. டாக்டர் சின்னப் பெண். என்னைவிட ஐந்தாறு வயசு குறைவாக இருக்கும். கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, "ஐயா, இடது கண்ணை மூடிக்கிட்டு நடுப் புள்ளியைப் பாருங்க" என்றார்.

அப்பா பார்த்தார். "நடுவுல புள்ளியே தெரியலைம்மா. சுத்தி உள்ள கோடும் வளைஞ்சிருக்கு. இதை எந்தப் பிரஸ்ல அடிச்சாங்க?"

எனக்கு அந்த நாற்காலிக்கு அடியில் போய் உட்காரலாம் போல இருந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சின்ன இடம். எழுத்துப் படிப்பது, முகம் பார்ப்பது, ஏலக்காயில் பழுப்பு கண்டுபிடிப்பது எல்லாம் அதன் வேலை. வயதானால் சிலருக்கு அது தேய்கிறது. இதில் உலர்ந்த வகை, ஈர வகை என்று இரண்டு. உலர்ந்தது மெதுவாகப் போகும். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிய ஆரம்பிக்கும். சுவரில் ஓதம் ஏறினால் மேலே ஒட்டிய காகிதம் உப்புமில்லையா? அதேதான். திரை உப்பினால் நேர்கோடு வளைந்து தெரியும். அதுதான் முதல் எச்சரிக்கை. அப்போதே வந்தால் கண்ணுக்குள் ஊசி போட்டுக் கசிவை அடக்கலாம். விட்டால் தழும்பாகிவிடும். தழும்பை எந்த ஊசியும் அழிக்காது.

"கோடு வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சது எப்ப இருந்து ஐயா?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூக்கில்லாத என் முகத்தை.

"போன வாரத்துல இருந்துதாம்மா."

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஒரு வாரத்துல இவ்வளவு தழும்பு வராது ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

ஊசி போட்டார்கள், மாதம் ஒன்றாக. கண்ணில் ஊசியா என்று பயப்படாதீர்கள். மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள். அப்பா எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றார். இந்தப் புது ரத்தக்குழாய்களை வளரவிடாமல் தடுக்கும் ராணிபிசுமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2006-ல். அதற்கு இணையான மருந்தை உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது நம் நாடுதான், 2015-ல். விலையும் குறைந்தது. இதெல்லாம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் நான் தங்க டப்பா விற்றேன். கசிவு நின்றது. வலது கண்ணின் நடுவட்டம் திரும்பவில்லை.

* * *

என் அக்கா வீட்டுக்காரர் மதுரையில் ஃபார்மசி காலேஜ் வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு போடிமெட்டுக்குப் போனேன். மனசு சரியில்லையென்றால் எங்களுக்குப் போக்கிடம் அதுதான். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் கீழே போடி தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரியும். எதிரே வரும் ஜீப்புகளில் தோட்ட வேலை முடித்த பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம் கேரளா. மர நிழலில் ஏலச்செடி, எங்கேயோ ஸ்டோரில் காய் உலரும் வாசனை.

டீக்கடையில் கேட்டேன். "மச்சான், இந்த நானோ லிப்பிட் எல்லாம் சுத்தப் புருடாதானே?"

"யார் சொன்னது? சரக்கு நிஜம் மாப்ளே. உங்க டப்பாதான் டுபாக்கூர்."

அப்புறம் முக்கால் மணி நேரம் கிளாஸ் எடுத்தார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தப்பிருந்தால் தப்பு பி.காமுடையது.

விழித்திரை நாள் முழுக்க வெளிச்சத்தில் வேலை செய்யும் இடம். ஆக்ஸிஜனை ஏராளமாகச் செலவழிக்கும். செலவழித்த இடத்தில் துரு மாதிரிச் சேதாரம் சேரும். அதைத் தணிக்க மாக்குலாவில் லுட்டீன், ஸியாக்ஸாந்தின் என்று இரண்டு மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன. நீல வெளிச்சத்தை அவை வடிகட்டவும் செய்கின்றன. நம் உடம்புக்கு இவற்றைத் தயாரிக்கத் தெரியாது. கீரை, மக்காச்சோளம், முட்டை மஞ்சள்கரு என்று வெளியிலிருந்துதான் வர வேண்டும். மாத்திரைக்கான லுட்டீனைப் பெரும்பாலும் செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கிறார்கள். ஆயுதபூஜைக்கு நாம் பஸ்ஸுக்கு மாலையாகப் போடுகிறோமே, அதே பூ!

"சிக்கல் எங்கேன்னா, லுட்டீன், மஞ்சள்ல இருக்கிற குர்குமின், இதெல்லாம் தண்ணில கரையாது. உடம்புல பாதிக்கு மேல தண்ணி. குர்குமினை முழுங்கினா ரத்தத்துல கொஞ்சூண்டுதான் ஏறும். சரி, நேரா கண்ணுலயே ஊத்தலாம்னா அங்கே ஏகப்பட்ட செக்போஸ்ட்" என்று எதிரே இருந்த போடிமெட்டு செக்போஸ்ட்டைக் காட்டினார்.

முதல் செக்போஸ்ட் கண்ணீர். இமைக்க இமைக்க, விட்ட மருந்தைச் சில நிமிஷத்தில் கழுவிவிடும். பாதி கன்னத்தில் வழியும், மீதி மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போகும். சொட்டு மருந்து விட்டால் நாக்கு கசப்பது இதனால்தான். அப்புறம் கருவிழி. அதில் வெளி அடுக்கு எண்ணெய் சுபாவம், நடு அடுக்கு தண்ணீர் சுபாவம். எண்ணெய்ச் சரக்கு முதல் கேட்டில் நுழைந்தால் இரண்டாவது கேட்டில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர்ச் சரக்கு முதல் கேட்டையே தாண்டாது. சாதாரணச் சொட்டு மருந்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு உள்ளே போனால் அதிகம். அதுவும் கண்ணின் முன்பக்கத்துக்குத்தான். மாக்குலா இருப்பதோ கடைசித் திண்ணையில்.

இங்கேதான் கொழுப்புத் துணுக்கு வருகிறது. கொழுப்பை உருக்கி, மருந்தை அதில் கரைத்து, வெந்நீரோடு பலமாக அடித்துக் கலக்கி ஆறவிட்டால் சுமார் 100 நானோமீட்டர் குறுக்களவில் கோடிக்கணக்கான உருண்டைகள் கிடைக்கும். ஒரு தலைமயிரின் குறுக்கே இப்படி ஏறக்குறைய 800 உருண்டைகளை வரிசையாக வைக்கலாம். வெளியே தண்ணீரோடு ஒட்டிப் போகும் மேல்சட்டை, உள்ளே எண்ணெயில் கரைந்த சரக்கு. கண்ணின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் நேரம் தங்கும், சரக்கை மெதுவாக இறக்கும்.

"ஆனா மார்கழி மாசம் நெய்யைப் பாத்திருக்கியா? மணல் மணலா உறையும்போது உள்ளே இருக்கிற எதையும் வெளியே தள்ளிடும். துணுக்கும் அப்படித்தான். கெட்டிக் கொழுப்பு மட்டும் போட்டா நாளாக ஆக ஒழுங்கா அடுக்கிக்கிட்டு மருந்தை வெளியே தள்ளும். அதனால கூடவே கொஞ்சம் திரவ எண்ணெயைக் கலந்து அடுக்கைக் கலைச்சு விடுவாங்க. ரிசர்வேஷன் பெட்டி மாதிரி இல்லாம அன்ரிசர்வ்ட் மாதிரி இருந்தாத்தான் ஆள் ஏற இடம் கிடைக்கும்."

இந்தக் கொழுப்புப் பையெல்லாம் புதுசுமில்லை. அலெக் பாங்கம் என்ற ஆங்கிலேயர் 1960-களிலேயே கொழுப்பு தானாகவே குட்டிப் பைகளாகச் சுருட்டிக்கொள்வதைக் காட்டிவிட்டார். அமெரிக்காவில் கொரோனாவுக்குப் போட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி கொழுப்பு நானோ துணுக்கில்தான் பயணம் செய்தது. அவ்வளவு ஏன், அப்பாவுக்கு வந்த இதே ஈர வகை நோய்க்கு 2000-ல் அனுமதி பெற்ற வெர்ட்டிபோர்ஃபின் கொழுப்புப் பையில் அடைத்த மருந்துதான். கையில் ஊசி போட்டுக் கண்ணில் லேசர் அடிப்பார்கள். ஆனால் அது மூலிகை இல்லை.

"மூலிகைச் சரக்கு எந்த அளவுல இருக்கு மச்சான்?"

"எலி அளவுல."

2018-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் குர்குமினை நானோ துணுக்கில் அடைத்து எலிகளுக்குச் சொட்டு மருந்தாக விட்டார்கள். (அது அசல் கொழுப்புத் துணுக்கு இல்லை, ஒன்றுவிட்ட தம்பி.) கண் அழுத்தத்தால் சாகிற விழித்திரை செல்கள் குறைவாகச் செத்தன. நம் மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ.யிலும் லுட்டீனைத் தகுந்த கொழுப்போடு சேர்த்துக் கொடுத்தால் எலிகளின் ரத்தத்தில் அதிகம் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். நல்ல வேலைகள். ஆனால் எலி பேரேடு எழுதுவதில்லை. எலியிலிருந்து மனுஷனுக்கு வர, மதுரை-போடி மீட்டர் கேஜை 2010 கடைசியில் நிறுத்தி, அகலப்பாதை போட்டு 2023 ஜூனில் ரயிலைத் திரும்ப விட்டார்களே, அந்தக் கதையாகும். சில சரக்கு ரயில் வராமலேயும் போகலாம்.

அப்படி வராமல் போனதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார் என்பது ஊரறிந்த கதை. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து கிராமத்து ஜனங்கள் 798 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ. மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஐந்து வருஷம் கொடுத்துப் புரை வளர்வது குறைகிறதா என்று பார்த்தார்கள். குறையவில்லை. 2006-ல் பத்திரிகையில் அப்படியே வெளியிட்டார்கள். ஐந்து வருஷம் உழைத்து 'பிரயோஜனமில்லை' என்று எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். என் நண்பனிடம் டைதான் இருந்தது.

"அப்ப மாத்திரையே வேஸ்ட்டா?"

"அதுவும் இல்லை" என்றார் மச்சான். வாத்தியார்களிடம் இதுதான் தொந்தரவு, ஒரு பக்கமாக நிற்க மாட்டார்கள். அமெரிக்க அரசின் பெரிய ஆய்வு ஒன்று 2001-ல் முடிந்தது. உலர்ந்த வகை நடுத்தரக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், பீட்டா கரோட்டின் கலந்த மாத்திரை, நோய் முற்றும் அபாயத்தை ஐந்து வருஷத்தில் சுமார் 25 சதவீதம் குறைத்தது. 2013-ல் அடுத்த ஆய்வு. பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு 10 மில்லிகிராம் லுட்டீன், 2 மில்லிகிராம் ஸியாக்ஸாந்தின் போட்டார்கள். ஏனென்றால் புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று ஃபின்லாந்தில் 1994-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். இந்த மாத்திரை நோய் இல்லாதவனுக்கு நோயை வராமல் தடுக்காது. ஈர வகையின் கசிவை நிறுத்தாது. போன பார்வையைத் திருப்பித் தராது.

அப்பா ஐம்பது வயசு வரை பீடி பிடித்தவர். தங்க டப்பாவில் பீட்டா கரோட்டின் இருந்தது என்று மேலே சொன்னேன் இல்லையா? டீயை அப்படியே வைத்துவிட்டேன். (மாக்குலா தேய்வதற்கு நம் கையில் இருக்கிற காரணங்களில் பெரியது புகைதான். ஆபீஸ் வாசல் பெட்டிக்கடையில் நின்று இதைப் படிக்கிற அன்பர், கையில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளவும்.)

வீட்டுக்கு வந்து பழைய டப்பாவைத் தேடி எடுத்தேன். இந்த மாதிரிச் சத்து மாத்திரைகள் சட்டப்படி மருந்தே இல்லை, உணவுக் கணக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. விலையை மூன்று தடவை சரிபார்த்த பி.காமுக்கு அந்த வரி கண்ணில் படவில்லை. எனக்குக் கண்ணில் எந்தக் கோளாறும் கிடையாது.

* * *

இடது கண்ணிலும் உலர்ந்த வகை நடுத்தரக் கட்டத்தில் இருக்கிறதாம். அதற்கு டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி அட்டையைத் திருப்பினேன். லுட்டீன் 10, ஸியாக்ஸாந்தின் 2. அதே செண்டுமல்லி! விலை தங்க டப்பாவில் கால்வாசிகூட இல்லை. அம்மா தன் பங்குக்குப் பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் மாற்றி மாற்றிச் செய்கிறாள். நெய் விட்டுக் கிண்டுகிறாள். லுட்டீன் உடம்பில் ஏறக் கொழுப்பு வேண்டும் என்று மச்சான் சொன்னதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "நெய் விடாம எவ கீரை கிண்டுவா?" என்றாள்.

கட்டம் போட்ட அட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும், கோடு வளைந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்று உத்தரவு. அப்பா அட்டையை அலமாரியில் வைத்துவிட்டார். "இதைவிடப் பெரிய கட்டம் என்கிட்ட இருக்கு" என்று பேரேட்டைத்தான் விரிக்கிறார்.

போன மாதம் வருமான வரிக் கணக்குக்காக ஏதோ ரசீது தேவைப்பட்டது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நானே பழைய பேரேட்டைப் புரட்டினேன். அந்த நாலு மாதத்தில் எழுத்து கோட்டை விட்டு ஏறி இறங்கித்தான் கிடந்தது. ஆனாலும் ஒரு வரி விட்டுப்போகவில்லை.

'கண் மாத்திரை ரூ.2,400. இதில் பையன் கமிஷன் ரூ.360.'

நாலு மாதமும் அதே வரி.

சாயந்திரம் கேட்டேன். "கமிஷன் உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"36 வருஷம் கமிஷன் கடையில இருந்தவன்கிட்ட கேக்குற கேள்வியாடா இது?" என்று சிரித்தார். 360 என்று பைசா சுத்தமாக எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை ஆபீஸ் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் பேரேட்டைப் பார்த்தபடி, "நேரா இருக்கு, நீ கிளம்பு" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு கோடாக நானும் பார்த்தேன். பஸ் போய்விட்டது.